கமிட்டிக்கு ஆள் தேவை

"உட்காருங்க" என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

மேலாளர் தானாகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எதிரே மேஜைக்குப் பின்னால் அந்தத் தொண்டு நிறுவனத்தின் செயலாளர். ஐம்பதை எட்டும் வயது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்த இரண்டையும் வைத்தே கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததற்காக அது நிற்கவில்லை.

தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் விரலைப் பறிகொடுத்தவர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம். சுவரோரப் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் அவரையே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒப்புக்குக்கூட சிரிப்பில்லை.

ஒரு மாலையும் ஒரு போட்டோவும் இருக்கும் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

எல்லாம் மாப்பிள்ளை கொடுத்த யோசனை. உத்தியோகஸ்தர்கள் தங்கள் பதவியையும் அனுபவத்தையும் போட்டு வைக்கும் வலைதளத்தில், மாமனாரின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் இருக்கு மாமா, சமூக சேவைதான் இல்ல. டைரக்டர் பதவிக்கு ஆள் தேடுறவன் அதத்தான் பார்ப்பான்."

தேடிய மூன்றாம் நாளே கண்ணில் பட்டது அந்த அறிவிப்பு. 'பிரஸ் மெஷின் பாதுகாப்பில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் எங்கள் கமிட்டிக்குத் தேவை.' அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே எழுதிப் போட்டார்.

செயலாளர் திரையைப் பார்த்தே கேட்டாள். "ஆறு வருஷம் ஒரு விபத்துகூட இல்லாம ஃபேக்டரிய நடத்தினதா போட்டிருக்கீங்க. நீங்களே எழுதினதுதானே?"

"நானேதான்."

"எந்த ஃபேக்டரி?"

சொன்னார். பெஞ்சில் ஒருவர் மூக்கால் சிரித்தார். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் அவளுடைய கையைச் சரியாகப் பார்த்தார். முகம் நினைவுக்கு வரவில்லை. மெஷினில் கை நுழைந்தால் நிறுத்தும் சென்சார் நினைவுக்கு வந்தது. அதை அணைத்து வைத்தால் மணிக்கு நூறு உருப்படி கூடுதலாக வரும். அணைக்கச் சொன்னது அவர். விரல் போன ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியதும் அவர். கவனக்குறைவு விபத்தில் சேராது.

எழுந்தார். "உதவி கேட்டீங்களேன்னு வந்தேன். வந்தவன இப்படியா நடத்துறது?"

"உதவி வேணும்தான். ஒரு நிமிஷம் இருங்க."

தெருக்கதவு திறந்தது. தோளில் பையோடு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மேலாளர் பெயரைச் சொல்லி, அவர் தகப்பனார் பெயரையும் சொல்லி, "நீங்கதானே?" என்றார்.

"நீங்க யாரு?"

"கோர்ட் அமீனா. உங்க வீட்டுக்கே மூணு தடவ வந்தேன் சார். அப்படி யாரும் இங்க இல்லன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க."

கதவைப் பாதி திறந்து அப்படிச் சொல்ல மனைவிக்குச் சொல்லிக் கொடுத்ததே மேலாளர்தான். மூன்று முறையும் படுக்கையறையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். சம்மன் கொடுக்க ஆள் கிடைக்காததால், விரல் போனவர்கள் போட்ட வழக்கு இரண்டு வருடமாக நகரவில்லை.

"அந்த ஆள் நான் இல்ல."

அமீனா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். வலைதளப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார். பெயர், பழைய ஃபேக்டரி, வேலை பார்த்த வருடங்கள், கோட்டு சூட்டில் பல் தெரியச் சிரிக்கும் முகம். தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். சம்மனை நீட்டி, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

மேலாளர் போட்டார்.

வெளியே போக வழிவிட்டு ஒருவரும் காலை மடக்கவில்லை. முழங்கால்களில் இடித்துக்கொண்டே வாசல்வரை போனார்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே செயலாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அடுத்தது யாரு?"

"பாய்லர் வெடிச்ச கேஸ், அக்கா. அந்த மேனேஜரையும் ரெண்டு வருஷமா ஆளக் காணோம்."

அவள் அறிவிப்பைத் திறந்து 'பிரஸ் மெஷின்' என்பதை அழித்தாள். 'பாய்லர்' என்று தட்டினாள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.