தலையில்லாத ஆமை

"இது ஆமையா அங்கிள்? லொறி ஏறின தோசை மாதிரி இருக்கு" என்றாள் விஜிதா.

ஒஸ்வல்ட் நூலைப் பிரித்து மறுபடியும் தொடங்கினார். எல்கடுவ தேயிலை பெக்டரியில் எந்த மெஷினையும் ஒரே தட்டில் வழிக்குக் கொண்டுவந்த மெக்கானிக் கைகள் அவை. இப்போது இரண்டு பின்னல் ஊசிகளிடம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தன.

விஜிதா உக்குவளையில் பின்னல் பொம்மைகள் செய்து விற்பவள். இப்படி ஒரு மாணவர் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"சனிக்கிழமதான் உங்க மகள் ஷிரானிக்குக் கல்யாணமே. அதுக்குள்ள பேரப்பிள்ளைக்குப் பொம்மையா?"

"முந்திக்கிறது நல்லதுதானே புள்ள."

"ஆமைன்னா பச்சை நூல்ல பின்னணும். நீங்க பால் தேத்தண்ணி கலர்ல எடுத்திருக்கீங்க!"

"தோட்டத்து ஆமை. தேத்தண்ணி குடிச்சே வளந்தது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்டியில் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு, அவர் மனைவி கெத்தரின் வாசலைத் தாண்டவே இல்லை. ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை.

நேற்று மகளின் வற்புறுத்தலுக்காகக் கல்யாணச் சேலையைக் கட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவிழ்த்துக் கட்டிலில் எறிந்துவிட்டு, ஒஸ்வல்டிடம் திரும்பினாள்.

"நான் வரல. என் இடத்துல உங்க தங்கச்சி நிக்கட்டும்."

"நீங்க இல்லாம நான் எப்படிம்மா கோயிலுக்குள்ள நடந்து போறது?" ஷிரானி அழுதாள்.

"நான் வந்தா உன்னைய யாரும் பாக்க மாட்டாங்க மகள். எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க."

ஒரு வழியாக இன்று ஆமை ஓடு உருண்டை வடிவத்துக்கு வந்தது. விஜிதா பஞ்சை இறுக்கி அடைக்கப் போனாள்.

"வேணாம் புள்ள, மெத்துன்னு இருக்கட்டும்."

"சரி. இனி தலையும் நாலு காலும்தான்."

"அதெல்லாம் வேணாம். இவ்வளவு போதும்."

"தலையில்லாம ஒரு ஆமையா?"

"வெக்கத்துல உள்ள இழுத்துக்கிச்சு" என்றவர், அதைக் கடதாசிப் பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டில் கெத்தரின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சேலை எறிந்த இடத்திலேயே கிடந்தது. பஸ்ஸில் பாடமாக்கிய பேச்செல்லாம் மறந்துபோக, அவர் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

பிரித்துப் பார்த்தவளின் கண்கள் நிறைந்தன.

"பேரப்பிள்ளைக்கா? அதப் பாக்க நான் இருப்பேனோ என்னமோ."

ஒஸ்வல்ட் கதவைச் சாத்தினார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"உனக்குத்தான். ஆபரேஷன் பண்ணின பக்கம், ரவிக்கைக்குள்ள வச்சுப் பாரு கெத்தரின்."