இரண்டு பேருக்கு ஓர் அறை

கப்பலில் ரொட்டியை யார் சுடுவார்கள் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

சுற்றுலா அலுவலகத்துப் பெண் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, நீச்சல் குளத்தையும் பாட்டுக் கச்சேரி அரங்கையும் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ரொட்டி கரையிலிருந்து வருகிறதா, கப்பலிலேயே சுடுகிறார்களா, அப்படியென்றால் மாவு எப்போது பிசைகிறார்கள்?

பேக்கரிக்காரரைக் கட்டிக்கொண்டால் கடலுக்குப் போனாலும் மாவுதான். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குக் கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. நாளெல்லாம் பொறுமையாகப் பேசித்தான் சம்பளம் வாங்குகிறாள். அந்தப் பொறுமையில் வீட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதையும் இந்த மனிதர் இன்றே தீர்த்துவிடுவார் போலிருந்தது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசை. இவரோடு நாலு நாள் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும். வேறு எங்கே போனாலும், அடுப்பு மக்கர் செய்கிறதாம் என்று பாதி வழியில் பேக்கரிக்குத் திரும்பிவிடுவார். கப்பலிலிருந்து எங்கே ஓடுவார்? நீந்தவும் தெரியாது.

அதனால்தான் கப்பல். சின்ன வயதிலிருந்தே கடல் என்றால் உயிர் என்று மகளிடம் அளந்துவிட்டதெல்லாம் சும்மா.

இன்று விட்டால் இவர் மறுபடி இந்த நாற்காலியில் வந்து உட்காரமாட்டார். போன மாதம் இதே அலுவலகத்தின் வாசல் வரை வந்துவிட்டு, பல் வலிக்கிறது என்று திரும்பியவர்தான். எந்தப் பல் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்து ஜன்னல் வந்தது.

கடல் தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்த அறைதான் வேண்டும் என்றாள் அவள். ஜன்னலே இல்லாத அறை போதும் என்றார் அவர். அப்படியென்றால் வீட்டு அலமாரிக்குள் படுத்துக்கொள்ளலாமே, கப்பல் எதற்கு என்று அவள் கேட்டாள்.

அவர் அசரவில்லை. மேல்தளத்துக்குப் போனால் வேண்டிய மட்டும் கடல் இருக்கிறது, அது அறைக்குள் வேறு எதற்கு? பட்டப்பகலில் வெளிச்சம் கண்ணில் அடித்தால் மனிதன் எப்படித் தூங்குவது?

கப்பலில் பகல் நேரத்தில் யாரும் தூங்கமாட்டார்கள் என்று அந்தப் பெண் சிரித்தாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு, கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு நீளமான கொட்டாவி விட்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். இன்றைக்கும் கதை அவ்வளவுதான் என்று மனைவிக்கு மனசு விட்டுப்போயிற்று.

நல்லவேளை, ஜன்னலுக்குத் தடிமனான திரைச்சீலை உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். எவ்வளவு தடிமன் என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். சட்டைத்துணி வாங்க வந்தவர் போல அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கடைசியாகக் கட்டில். பெரிய கட்டிலாக ஒன்றா, தனித்தனியாகச் சின்னக் கட்டில் இரண்டா என்று பெண் கேட்டாள்.

மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். சின்னக் கட்டிலாக ஒன்றே ஒன்று போதும் என்றார்.

பெண் சிரிப்பை அடக்கத் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று நினைத்திருப்பாள். மனைவிக்குக் காது மடல் சுட்டது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னார்.

"வீட்லயும் அப்படித்தாம்மா. நான் வேலைக்குக் கெளம்பினதும் இவ படுப்பா. காலைல இவ எந்திரிச்சதும் நான் வந்து படுப்பேன்."

பெண்ணின் கை தட்டச்சுப் பலகையின் மேல் அப்படியே நின்றது.

மகள் பிறந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு அது. குழந்தையோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர் இரவு வேலைக்கு மாறினார். அவள் பகலில் போனாள். குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டது. ஏற்பாடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. விடுமுறை நாளிலும் அவருக்கு இரவில் கண் மூடாது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார். சண்டையைக்கூட அவர்கள் வாசற்படியில், ஒருவர் செருப்பைக் கழற்றி இன்னொருவர் மாட்டுகிற நேரத்துக்குள்தான் போட்டாக வேண்டும். ஒரு சண்டை முடிய ஒரு வாரம் ஆகும்.

கப்பலில் உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லையே சார், ராத்திரி இரண்டு பேருமே அறையில்தானே இருப்பீர்கள் என்றாள் பெண், மெதுவாக.

அவர் அதை யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளும் யோசித்திருக்கவில்லை. சேர்ந்து சாப்பிட வேண்டும், வாய் வலிக்கப் பேச வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டவளுக்கு, நடுவில் இரவு என்று ஒன்று வரும் என்பது விட்டுப்போயிருந்தது. இப்போது நினைக்கப் பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

பெரிய கட்டிலே போட்டுவிடச் சொன்னார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. பிறகு புதிதாகப் பெண் பார்க்க வந்தவரைப் போல் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ எந்தப் பக்கம் படுப்பே?"

கட்டின பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது? நாக்கு நுனி வரை வந்த கேலியை அவள் விழுங்கிக்கொண்டாள்.

பதில் அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவள் நட்டநடுவில்தான் படுத்திருக்கிறாள்.