இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரர்

“புருஷனைக் கொன்னுடலாம்” என்றார் டைரக்டர்.

சேனல் மேடம் காபிக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். “எப்போ?”

“வர்ற வெள்ளிக்கிழமை எபிசோட்ல. கார்ல குண்டு. சுத்தமா முடிஞ்சிடும்.”

மேஜைக்கு இந்தப் பக்கம் கதாநாயகி சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தொடரில் அவள் துப்பறியும் இன்ஸ்பெக்டர். வாரத்துக்கு ஒரு கொலை, ஒரு துரத்தல், நாலு அறை. சாகப்போவது அந்த இன்ஸ்பெக்டரின் கணவன்.

கணவனாக நடிப்பவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். யூனிட்டில் எல்லோருக்கும் அவன் ‘மாப்பிள்ளை’. கேமரா ஓடும்போது அவளை ‘ஏம்மா’ என்பான், நின்றதும் ‘அக்கா’. தன் பிழைப்பு உள்ளே முடிவாகிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்த்ததும் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

“நீ என்னம்மா சொல்றே?” என்று டைரக்டர் அவளைக் கேட்டார்.

அவள் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “புருஷன் போனாத்தான் நீ ஸ்ட்ராங் கேரக்டர் ஆவே. இப்ப என்ன ஆகுது? கொலைகாரனைப் பிடிச்சுட்டு கம்பீரமா வீட்டுக்குப் போறே. அங்க ஒருத்தன் கதவைத் திறந்து ‘சாப்பிட்டியா’ங்கறான். அவ்வளவு நேரம் கட்டின கெத்தெல்லாம் காத்துல போகுது.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள்.

“சாப்பிட்டியான்னு கேட்டா கெத்து போயிடுமா சார்?”

“போகும். ஸ்ட்ராங் லேடின்னா தனி ஆளு. வீட்டுல இருட்டு. சுவத்துல அவன் போட்டோ. அதைப் பார்க்கறே. கண்ணுல தண்ணி வரும், ஆனா கீழ விழாது.”

“விழாம எப்படி சார் நிறுத்தறது?”

மேடம் சிரிப்பை அடக்கக் காபியைக் குடித்தார்.

“கிண்டல் பண்ணாதேம்மா” என்றார் டைரக்டர்.

“கிண்டல் இல்ல சார். இந்த சீரியல் ஆரம்பிச்சதிலேர்ந்து நான் ஒரு தடவைகூடச் சிரிக்கல. பிணவறைக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கறேன், எது பிணம், எது டாக்டர்னே தெரியல. ஹை ஹீல்ஸோட திருடனைத் துரத்தறேன். பாவம், நான் வந்து பிடிக்கணுமேன்னு அவன் மெதுவா ஓடறான். எல்லாத்துக்கும் பேசாம இருந்தேன். இதுக்கு முன்னாடி நீங்க எடுத்த சீரியல்லயும் போலீஸ்தானே ஹீரோ? அவன் பொண்டாட்டி உயிரோடதானே இருந்தா? தினமும் வாசல்ல நின்னு டிபன் பாக்ஸ் குடுத்தாளே, அவன் கெத்து போச்சா?”

“அது வேற.”

“என்ன வேற?”

டைரக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் உதவவில்லை.

“அவன் ஆம்பளைம்மா. சும்மா நின்னாலே ஸ்ட்ராங்தான். உனக்கு ஒரு காரணம் வேணும்ல?”

“அந்தக் காரணத்துக்கு எங்க வீட்டுல ஒரு சாவு விழணுமா?”

அவள் எழுந்து நின்றாள்.

“ஒரு சீன் சொல்றேன், கேளுங்க. கேஸை முடிச்சுட்டு வீட்டுக்கு வர்றேன். ஷூவைக் கழட்டறேன். அவர் ‘என்னாச்சு’ங்கறார். ‘முதலாளியைக் கொன்னது டிரைவர்தான். முதலாளியோட சம்சாரம் அப்போ குளிச்சுக்கிட்டிருந்தாங்களாம், சத்தமே கேக்கலையாம்’னு சொல்றேன். அவர் ‘ம்’ங்கறார். ‘அந்த வீட்டுல காலையிலேர்ந்து குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லையாம், எனக்கு ஒரு வாய் காபிகூடக் குடுக்கல’ங்கறேன். அவர் மறுபடியும் ‘ம்’ங்கறார். நான் அப்படியே நின்னுடறேன். தண்ணியே இல்லைன்னா அந்தம்மா எதுல குளிச்சாங்க?”

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப கொலை பண்ணினது…”

“அதான் மேடம். கழட்டின ஷூவைத் திரும்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன்.”

“இதுல அவன் என்னம்மா பண்ணினான்?” என்றார் டைரக்டர்.

“ஒண்ணும் பண்ணல. ‘ம்’ கொட்டினார். போட்டோகிட்டச் சொன்னா ‘ம்’ கொட்டுமா சார்?”

“எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்” என்றார் மேடம். “டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ‘ம்’ மட்டும் வரும். ஆனா அவர்கிட்டச் சொல்லும்போதுதான் எனக்கே பாதி விஷயம் புரியும்.” டைரக்டர் பக்கம் திரும்பினார். “குண்டு வேண்டாம். புருஷன் இருக்கட்டும். ஒவ்வொரு எபிசோட்லயும் இந்த மாதிரி ஒரு சீன் வைங்க.”

“வெடிக்கறதுக்குக் கார் சொல்லியாச்சே மேடம்?”

“அதுல ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வரட்டும்.”

அவள் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள். மாப்பிள்ளை ஓடி வந்தான்.

“என்னாச்சுக்கா?”

“உன்னைக் கொல்லல. அது மட்டுமா? இனிமே தினமும் உனக்கு ஒரு சீன்!”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, அடுத்த வாரம் என் முதல் சினிமா ஷூட்டிங். கேரக்டர் செத்தாத்தான் சீரியல்லேர்ந்து விடுவாங்க. ‘சரி’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கன்னு கெஞ்சித்தானே உங்களை உள்ள அனுப்பினேன்?”

“அதைச் சொல்லத்தான்டா வாயெடுத்தேன்” என்றாள் அவள். “அதுக்குள்ள அந்த மனுஷன், நீ செத்தாத்தான் நான் ஸ்ட்ராங்குன்னுட்டாரே!”