மொட்டைமாடி நிபுணர்

"இந்த வெயில்ல ஊரே கருகுது. நம்ம கத்திரியைப் பாரு. நேத்து மாவுப்பூச்சி அப்பித் தலை தொங்கிக் கிடந்தது, இன்னிக்கு நிமிர்ந்து நிக்குது. எல்லாம் நான் கலந்த வேப்பெண்ணெய் பண்ற வேலை."

ஓய்வுபெற்ற மேலாளர், மொட்டைமாடித் தொட்டிகளுக்கும் மனைவிக்கும் சேர்த்தே உரையாற்றினார்.

"உங்க கைராசிங்க" என்றாள் மனைவி, முகம் மாறாமல்.

செத்த செடியைப் பிடுங்கிவிட்டு, அதே உயரத்தில் வேறொன்றை வாங்கி வந்து நட்டவள் அவள்தான். ஓய்வு பெற்றதும் மூலையில் முடங்கிய மனிதர், செடி வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்து பேசுகிறார். அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாதே.

அடுத்த வாரம் தக்காளி கருகியது. அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நர்சரிக்கு ஓடினாள்.

"தம்பி, இடுப்பு உயரத்துக்குத் தக்காளிச் செடி இருக்கா?"

நர்சரிக்காரர் முழங்கால் உயரச் செடி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இவ்வளவு சின்னதா இருந்தா அவர் கண்டுபிடிச்சிடுவாரேப்பா."

"சார் காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரும்மா. முட்டி வலியோட மூணு மாடி தூக்கிட்டு ஏறுறீங்களாம், சின்னதாவே குடுன்னாரு. வெயில்ல செடி சுருங்கிடுச்சுன்னு அவரே சொல்லிச் சமாளிச்சுப்பாராம்."