பேய் வீட்டுக் கேசட்

இந்த வருஷமும் பிள்ளைகள் சிரித்துவிட்டால் பேய் வீட்டை அதோடு நிறுத்திவிடுவது என்று தீயணைப்பு நிலையத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

அமெரிக்காவில், ஓஹியோவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. தீயணைக்கிறவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். பேய் வேஷம் போட்டுக் கொண்டாடுகிற ஹாலோவீன் வாரத்தில், அவர்களில் ஒருவனான டுவேனின் வைக்கோல் கொட்டகையைப் பேய் வீடாக்குவார்கள். அந்த நுழைவுச்சீட்டில் வருகிற பணம்தான் தீயணைப்பு வண்டிக்கு டயரும் தண்ணீர்க் குழாயும்.

கொட்டகைக்குள் எலும்புக்கூடு இருந்தது. சவப்பெட்டி இருந்தது. அதிலிருந்து எழுந்துவர டுவேனே இருந்தான். பின்னணி இசைதான் ஒரு வருஷமும் சரியாக அமையவில்லை.

போன வருஷம் கடையில் வாங்கிய கேசட்டில் ஒரு பெண் வீறிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து ராகம் போட்டு வீறிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ஓநாய் ஊளை. ஊர் நாய்கள் எல்லாம் பதில் சொல்லிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அது போதாதென்று ஹில்டா டீச்சர்.

கொட்டகைக்கு எதிரே இருக்கிற சர்ச்சில், பெரிய குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கிற ஆர்கன் வாசிப்பவர். டுவேன் உட்பட ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள். அக்டோபர் பிறந்ததும் தீயணைப்பு நிலையத்துக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் பேசிவிட்டுப் போவார். பிசாசுக்கு மேளம் கொட்டுகிறீர்கள், பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க முடியவில்லை, சத்தம் சாலையைத் தாண்டி வரக்கூடாது. ஹாலோவீன் அன்று மிட்டாய் கேட்டு அவர் வாசலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஓர் ஆப்பிளும் ஒரு பைபிள் வசனமும்தான் கிடைக்கும்.

"பேசாம அந்தம்மாவையே சவப்பெட்டியில உக்கார வெச்சிரலாம். பாட்டே வேண்டாம்," என்றாள் டுவேனின் மனைவி லாவெர்ன்.

இசை தேடி அலுத்துப்போயிருந்த நேரத்தில், ஒரு நாள் காலை தீயணைப்பு வண்டியின் சீட்டில் ஒரு கேசட் கிடந்தது. மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போட்டுக் கேட்டார்கள்.

முதலில் தரையே உறுமுவது போல ஒரு சத்தம். பிறகு அது கீழே, கீழே என்று சரிந்து, ஏதோ ஒரு பெரிய உயிர் கடைசி மூச்சை விடுவது போல நடுங்கி, முனகி, அடங்கியது. கொஞ்சம் அமைதி. மறுபடியும் உறுமல்.

யாரும் காபியைத் தொடவில்லை.

கன்று போட முடியாமல் திணறுகிற மாடாக இருக்கும் என்றாள் லாவெர்ன்.

"மாடு எனக்குத் தெரியும். இது மாடு இல்ல," என்றார் பால்பண்ணை ஆர்ட்டி. "எதுவா இருந்தாலும் சரி, அதுகிட்ட உக்காந்து நான் பால் கறக்க மாட்டேன்."

முதல் நாளே பலித்துவிட்டது. போன வருஷம் ராகம் போட்ட அதே பெரிய பையன்கள், ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார்கள். ஓடினவர்கள் ஆப்பிள் சாறு குடித்துவிட்டு மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து கார்கள் வந்தன. ஆனாலும் டீச்சருக்குப் பயந்து டுவேன் சத்தத்தைக் குறைத்தேதான் வைத்திருந்தான்.

கடைசி நாள் அவரே வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கையில் பை, இறுகிய வாய். பிள்ளைகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். இவரும் உள்ளே இருக்கிற பேய்களில் ஒன்றா என்று ஒரு சின்னப் பெண் லாவெர்னிடம் கேட்டாள்.

சவப்பெட்டி இடுக்கு வழியாக டுவேன் அவரைப் பார்த்தான். மெதுவாக எழ வேண்டிய பிணம், மாவு பூசிய முகத்தோடு துள்ளிக் குதித்து ஓடிப்போய் டேப் ரெக்கார்டரின் சத்தத்தை இன்னும் குறைத்தது.

"எதுக்குடா குறைக்கிற?"

"நீங்கதானே டீச்சர்... ரோட்டைத் தாண்டி வரக்கூடாதுன்னு..."

"அது அந்த வீறிடற கேசட்டுக்குச் சொன்னது. அதுல சுருதின்னு ஒண்ணு இருந்துச்சா?" சர்ச் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது. "போன வருஷம் பிள்ளைங்க சிரிச்சிட்டுப் போனப்புறம், இதே வேஷத்தோட படியில தனியா உக்காந்திருந்தியே. எதிர் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

டுவேனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பையைச் சவப்பெட்டி மேல் வைத்துவிட்டு, டேப் ரெக்கார்டரின் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினார். கொட்டகைப் பலகைகள் அதிர்ந்தன. வெளியே வரிசை மொத்தமும் அலறியது.

டீச்சருக்கு அத்தனை பற்கள் இருப்பதை டுவேன் அன்றுதான் பார்த்தான்.

"சர்ச் கதவைச் சாத்திக்கிட்டு, ஆர்கனுக்குக் காத்து ஊதற மோட்டாரை நிறுத்திட்டு, அதோட மூச்சு அடங்கற வரைக்கும் ரெண்டு காலாலயும் கீழ்க்கட்டையை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு, திரும்பத் திரும்பப் பதிவு பண்ணியிருக்கேன். முழங்கால் இன்னும் வலிக்குது," என்றார். "கொஞ்சம் சத்தமா வெச்சா உனக்கென்னடா கேடு?"