முந்திக்கொண்ட கொண்டாட்டம்

கூடைப்பந்து இறுதி ஆட்டம் முடிய மூன்றே விநாடி. போன வருஷ சாம்பியன்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை, இந்த வருஷமும் கோப்பை இவர்களுக்குத்தான். தெறிக்கப்போகும் ஷாம்பெயினுக்குப் பயந்து, சாம்பியன்களின் உடைமாற்றும் அறையில் அலமாரிகளெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி நிற்கின்றன. சுவர் டிவியில் எதிரணிக் குள்ளன் நடுக்கோட்டிலிருந்து பந்தை எறிகிறான். அது வளையத்தைச் சுற்றிச் சுற்றி, அய்யோ, உள்ளே விழுகிறது! தலைக்கு மேலே அரங்கமே ஊமையாகிறது. அறைப் பணியாளன் செட்ரிக் கூட வேலை செய்பவளிடம் கத்துகிறான்: "கிழி யோலண்டா, அவங்க வர்றதுக்குள்ள கிழி!" "முதல் பாதியிலயே மாட்டச் சொன்னது யாரு செட்ரிக், நீதானே?" ஷீட்டுகள் சரசரவென்று சரிகின்றன. பாட்டில்கள் குலுங்க, ஐஸ் தொட்டி வண்டியை இரண்டு பணியாளர்களும் எதிரணி அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். நடைவழியில் தோற்ற கேப்டன் எதிரே வந்துவிடுகிறான். வண்டி நிற்கிறது. வியர்வை சொட்டச் சொட்ட அவன் சுவரோடு ஒதுங்குகிறான். "ஓடுங்கப்பா. போன வருஷம் எங்களுக்குச் சூடாத்தான் குடுத்தீங்க. அவங்களுக்காவது சில்லுனு குடுங்க."