செஸியில் ஒரு வெடிப்பு

“கையை எஞ்சினில வை.”

அஸ்ஹான் வைத்தான். “குளிரா இருக்கு, மாமா.”

“அப்ப பொடியன் நேர்மையானவன். கள்ளன் எண்டா நாம வர முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருப்பான். சூட்டில எல்லாக் குறையும் ஒளிஞ்சிரும்.”

தாஹிர் இதை வண்டிக்காரப் பொடியனுக்கு முன்னாலேயே சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு பழைய பைக் வாங்கி விற்று ஆளானவர். விலை பேசும்போது ஏசுவார், எழும்பிப் போவார், திரும்பி வந்தும் ஏசுவார். ஆனால் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் அவர் வாயில் பொய் வந்ததில்லை. அவர் வேண்டாம் என்ற வண்டியைத் திருகோணமலையில் வேறு எவரும் தொடுவதில்லை.

அஸ்ஹானுக்கு இதுதான் முதல் பைக். திங்கட்கிழமை ஈச்சிலம்பற்றுப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக வேலை தொடங்குகிறான். அங்கே கொஞ்சம் தார், மிச்சமெல்லாம் மணலும் கிரவலும் வயல் வரம்பும். சாதாரண பைக் தாங்காது. சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் ஒரு ட்ரெயில் பைக் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு மாமாவைக் கூட்டி வந்திருந்தான்.

வண்டிக்காரன் யதுர்சன் உதைத்தான். ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தாஹிர் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். ஃபோன் வெளிச்சத்தில் பெற்றோல் டேங்குக்குக் கீழே, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான செஸி முழுவதையும் விரலால் தடவினார். பிறகு, எஞ்சின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி அஸ்ஹானின் காதருகே குனிந்தார்.

“ஒரு ஒட்டில்ல, வெடிப்பில்ல. இத விட்டா உனக்கு இப்படி ஒண்டு கிடைக்காது.”

அதே வண்டியைப் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து வந்து வேலியோரம் நின்ற றம்ஸான், “நீங்க எடுக்காட்டி நான் எடுக்கிறன், நானா. கையில காசோடதான் நிக்கிறன்” என்றான்.

“நில்லு, முந்தி வந்தவன் நான்.” தாஹிர் யதுர்சனிடம் திரும்பினார். “புள்ள மாதிரிப் பாத்திருக்கிறாய். ஏன் தம்பி விக்கிறாய்?”

“வெளிநாட்டு அலுவல், நானா. வியாழனுக்கு முதல் காசு வேணும்.”

“அவசரக்காரனுக்கு விலை குறையும், தெரியுமா?”

யதுர்சன் சிரித்தான். “பாத்துச் சொல்லுங்கோ, நானா.”

தாஹிர் எண்ணெய்க் கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார். யதுர்சனின் தாய் கனகம்மா வாளியால் தண்ணீர் வார்த்தார். வார்த்தபடியே ஏதோ சொன்னார். அஸ்ஹானுக்குக் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் கும்பிட்டது மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்த தாஹிரின் முகம் இறுகியிருந்தது.

“என்ன விலை சொன்னாய்?”

யதுர்சன் சொன்னான்.

“இந்த இரும்புக்கா? செஸி வெடிச்சு ஒட்டின வண்டிய ஆரின்ட தலையில கட்டப் பாக்கிறாய்?”

யதுர்சன் திகைத்துப்போனான். “எங்க வெடிச்சிருக்கு, நானா? காட்டுங்கோ.”

“எனக்கே காட்டச் சொல்றியா? நீ பிறக்க முதல் செஸி கழட்டினவன் நான். கிரவல் ரோட்டில ஒரு பள்ளத்தில விழுந்தா ரெண்டா முறியும். ஓடினவன் மௌத்து.”

றம்ஸான் ஹெல்மெட்டை மாட்டினான். “தாஹிர் நானா சொன்னாச் சரி” என்று வந்த வழியே போய்விட்டான்.

“நானா, அவர் போய் ஊரெல்லாம் சொல்லப்போறார். நீங்கள் ஒரு விலை சொல்லுங்கோ, அதுக்கே தாறன்.”

“சும்மா தந்தாலும் ஏலாது. நட அஸ்ஹான்.”

அக்கம்பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். யதுர்சனின் கண் கலங்கியிருந்தது. கனகம்மா வாசலில் நின்றார். மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

உப்புவெளித் தேத்தண்ணிக் கடையில் வந்து உட்கார்ந்ததும் அஸ்ஹான் தொடங்கினான்.

“மாமா, நீங்க இண்டைக்குச் செய்தது பாவம்.”

“ஓம்.”

“பச்சைப் பொய்.”

“ஓம்.”

“விலை குறைக்கத்தான் சொல்றீங்க எண்டு நினைச்சன். கேட்ட விலைக்கே தாறன் எண்டு சொல்லியும் எடுக்கல்ல. திங்கள் நான் பஸ்ஸில போய் மிச்சத்த நடந்தாலும் காரியமில்ல. அந்த அம்மா கிணத்தடியில உங்களக் கும்பிட்டத நான் கண்டனான். நல்ல விலை தாங்க எண்டு கெஞ்சின மனுசியின்ட மகன ஊருக்கு முன்னால கள்ளனாக்கிட்டீங்க. இனி அந்த வண்டிய ஆர் வாங்குவான்?”

“ஒருத்தனும் வாங்கமாட்டான்.”

“பெருமையாச் சொல்றீங்க.”

வேறு நாளென்றால் கிளாஸ் பறந்திருக்கும். தாஹிர் ஏசவில்லை. தேத்தண்ணியும் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“கெஞ்சினவதான். என்ன கெஞ்சினவ எண்டு கேளு.”

குரல் தாழ்ந்திருந்தது. மாமா இப்படிப் பேசி அஸ்ஹான் கேட்டதில்லை.

“‘இத வித்த காசிலதான் இவன் வியாழன் வெளிநாடு போகக் கள்ளப் போட்டில ஏறப்போறான். மூத்தவன் ஏறின போட் இன்னும் ஒரு கரைக்கும் போய்ச் சேரேல்ல. ஒருத்தரும் வாங்காத மாதிரி ஒரு பொய் சொல்லிட்டுப் போங்கோ, நானா’ எண்டவ.”